இடனறிந்த இசை: துருத்திப் பெட்டியும் ஒலிபெருக்கியும்

ஓர் இசைக்கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைச் செய்தவர் யார், வாசித்துப் புகழ் பெற்றவர் யார், அதில் எழுந்த பண்கள் எவை என்று ஆராய்வது வழக்கம். அக்கருவி எத்தகைய இடத்தில் ஒலித்தது, அவ்விடத்தின் நீள அகலம் என்ன, கேட்டிருந்தவர் எத்துணை பேர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும், இசைக்கும் இடத்துக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் குழலாசிரியனையும் யாழாசிரியனையும் தண்ணுமை ஆசிரியனையும் மட்டும் கூறி நிறுத்தவில்லை. மாதவி ஆடிய அரங்கின் அளவையும் கூறுகிறார். 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அவ்வரங்கு அமைந்தது. தூண்மேல் இட்ட உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையே 4 கோல் உயரம் விடப்பட்டது. முதலில் இடத்தை அளந்தனர். பின்னரே இசையை எழுப்பினர்.

இவ்வுண்மையை நான் நூலில் பலமுறை படித்திருந்தும், அதன் பொருளை உணர்ந்தது கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் கூடத்தில்தான். என் தாய்மாமன் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1960களின் இறுதியில் கிள்ளான் வட்டாரத் திருமண வீடுகளில் பாடிய ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர். முதுமையில் தோள் வலிவு குன்றவே, பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத அப்பழைய கருவியை அவரால் சுமக்க இயலவில்லை; அதனை விற்றுவிட்டார். பல ஆண்டுகள் இசையின்றி இருந்தவருக்குப் பிள்ளைகள் சேர்ந்து எடை குறைந்த மின்னியல் அக்கார்டியன் ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். இழந்த இசையை மீண்டும் பெற்ற அவர், அதனை எந்த ஒலிபெருக்கியில் இணைப்பது என்னும் சிறு வினாவால் மறுபடியும் இழக்க இருந்தார். அந்தச் சிறு வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு என்முன் விரிந்தது. அதனையே இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

நாக்கும் துருத்தியும்

அக்கார்டியன், ஆர்மோனியம், வாயால் ஊதும் மவுத் ஆர்கன் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தவை. மெல்லிய தகடு ஒன்றின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை ஒரு துளையின் மீது தடையின்றி அதிர விட்டால், காற்று செல்லும்போது அது நாக்குப் போலத் துடித்து ஒலி எழுப்பும். தகடு நீண்டிருந்தால் தாழ்ந்த ஒலியும், குறுகியிருந்தால் உயர்ந்த ஒலியும் பிறக்கும். இக்கருவிகளின் அடிப்படை இதுவே.

இந்நுட்பம் ஐரோப்பாவில் தோன்றியதன்று, ஆசியாவுக்கு உரியது. சீனரின் 'செங்' என்னும் மூங்கிற் குழற்கருவி மிகப் பழமையானது. சீனத்தின் ஹூபே மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு அகழப்பட்ட, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்றரசன் ஒருவனின் கல்லறையில் இக்கருவி கிடைத்துள்ளது. அத்துணைத் தொலைவுக்கும் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டின் சபா மாநிலத்தில் கடசான் டூசுன் மக்கள் வாசிக்கும் 'சொம்போத்தோன்' இதே இனத்தது. காய்ந்த சுரைக்குடுக்கையில் எட்டு மூங்கிற் குழல்களைச் செருகி, பனையினத்து மரப்பட்டையில் செதுக்கிய நாக்குகளை உள்ளே பொருத்தி அதனைச் செய்வர். அதன் ஒலி ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போதுமானது. மனித மூச்சின் அளவே அதன் ஒலியின் அளவு.

இக்கருவிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞரின் கருத்தைக் கவர்ந்தன. அங்கே அவர்கள் செய்த பெரிய மாற்றம், மூச்சுக்குப் பதிலாகத் துருத்தியைச் சேர்த்ததாகும். கொல்லன் உலைக்களத்துத் துருத்தி சங்கப் பாடல்களிலேயே உவமையாக வருவது, தமிழருக்குப் புதியதன்று. ஆனால் தீயை வளர்த்த துருத்தி இசையை வளர்க்கத் தொடங்கியபோது, கருவியின் குரல் மனித மூச்சின் எல்லையைக் கடந்தது. வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் 1829-ஆம் ஆண்டு 'அக்கார்டியன்' என்னும் பெயரில் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் இயைந்த பல சுரங்கள் ஒன்றாக ஒலித்தமையால் அப்பெயர் அமைந்தது. பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் 1842-இல் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். இத்தாலியின் கஸ்டெல்ஃபிடார்டோ என்னும் சிற்றூரில் 1863-இல் பாவ்லோ சொப்ரானி தொடங்கிய அக்கார்டியன் தொழில், அவ்வூரை உலகறியச் செய்தது.

இக்கருவிகளுக்கு உரிய தனிச்சிறப்பு ஒன்றை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். துருத்தியை மெல்ல இழுத்தால் ஒலி மெலியும். வலிந்து இழுத்தால் ஒலி வலுக்கும். விரல் சுரத்தைச் சொல்லும். துருத்தியே உணர்ச்சியைச் சொல்லும். ஆகவே அக்கார்டியன் வாசிப்பவரின் கலை பெரும்பாலும் அவருடைய இடக்கையின் இழுப்பில் இருக்கிறது. பின்னர் ஒலிபெருக்கியைப் பற்றி ஆராயும்போது இக்கருத்து நமக்குப் பயன்படும்.

நாடக மேடையில்

ஆர்மோனியம் இந்தியாவுக்கு வந்தபோது, நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிக்கும் பெட்டியாக வந்தது. தரையில் அமர்ந்து பாடும் மரபினர்க்கு அது பொருந்தவில்லை. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர், துருத்தியைப் பின்புறம் அமைத்து ஒரு கையால் அசைத்து மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியை 1875-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அதன்பின் அது பசனைக் கூடங்களிலும் வீடுகளிலும் எளிதாகப் புகுந்தது.

தமிழகத்தில் ஆர்மோனியத்தை வளர்த்தது நாடகமே எனின் மிகையாகாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்கள் பாடல்களால் நிறைந்தவை. திறந்தவெளிக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்க, ஒலிவாங்கியோ ஒலிபெருக்கியோ இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசைக்கும் குரல் சென்று சேர வேண்டியிருந்தது. ஆதலால் நடிகர்கள் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினர். அக்குரலோடு ஈடுகொடுக்க வீணையாலும் இயலாது. மெல்லிய குழலாலும் இயலாது. துருத்தியால் ஓங்கி ஒலிக்கும் ஆர்மோனியமே ஈடுகொடுத்தது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) பாடியபோது அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை நாடக வரலாறு போற்றுகிறது. அங்கே ஆர்மோனியம் ஓர் இசைக்கருவியாகவும் இருந்தது. அக்காலத்து ஒலிபெருக்கியாகவும் இருந்தது. பெரிய இடம் பெரிய ஒலியை வேண்டிற்று. பெரிய ஒலிக்கு ஏற்ற கருவி கிடைத்தது.

கடல் கடந்து கிள்ளானுக்கு

தமிழகத்து நாடகக் குழுக்கள் கப்பலேறி இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 1880களில் பினாங்கில் 'பங்சாவான்' என்னும் மலாய் நாடகம் தோன்றியது. அதன் இசைக்குழுவிலும் ஆர்மோனியம் இடம்பெற்றது. ஜொகூரில் வளர்ந்த மலாய் கஸல் இசையில் இன்றளவும் ஆர்மோனியமும் தபேலாவும் முதன்மை பெறுகின்றன. அக்கார்டியனோ, வயலினோடும் ரெபானாவோடும் சேர்ந்து ஜோகெட், ரோங்கெங் ஆடல்களின் குரலாயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிய இரு கருவிகளும் இந்நாட்டில் எல்லா இனத்தாரின் கூடங்களிலும் உறவு கொண்டன என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இவ்விசை வந்து சேர்ந்த வழியும் தெளிவானது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை அமைந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1926 முதல் 1973 வரை கடலில் உலவிய 'ரஜூலா' கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழரை ஏற்றிவந்து பினாங்கிலும் இத்துறையிலும் இறக்கியது. இறங்கியோரிற் பலர் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர்.

தோட்டத்து லயங்களின் ஒலியுலகம் தனித்தன்மை உடையது. பலகைச் சுவர்கள், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பத்து வீடுகளுக்குக் கேட்கும். கோயிலில் ஒருவர் ஆர்மோனியத்தை எடுத்துப் பசனை தொடங்கினால் தோட்டமே கேட்கும். அங்கே ஒலி எவர்க்கும் தனி உடைமையாக இருக்கவில்லை. கேட்பவர் யாவரும் ஒரே மொழியினர். ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே பொழுதில் உறங்கியவர். ஆகவே ஒருவரின் இசை மற்றவர்க்கு இடையூறு ஆகுமோ என்னும் எண்ணமே பெரும்பாலும் எழவில்லை.

நகரமோ வேறு. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பின்னர், மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குச் செங்கல் அறுத்த களமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்பாகி, தமிழர் இசைக்கும் உறைவிடமாயிற்று. நுண்கலை வளர்க்கும் 'டெம்பள் ஆப் பைன் ஆர்ட்ஸ்' 1981-இல் தோன்றி அங்கேயே வேரூன்றியது. பிற்காலத்தில் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழுந்தது ஓர் எடுத்துக்காட்டு. லயத்துப் பலகைச் சுவரை விட்டு வெளியேறிய தமிழர், தாமான்களின் செங்கற் சுவருக்குள் குடிபுகுந்தனர். அச்சுவருக்கு அப்பால் இருப்பவர் இப்போது மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். இரவு வேலைக்குச் சென்று பகலில் உறங்குபவராகவும் இருக்கலாம். வீடு மாறியதோடு ஒலியின் அறமும் மாறியது. இம்மாற்றத்தை நம் இசைவாணர் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

வெறுப்பும் விலக்கும்

இவ்விடத்தில், ஆர்மோனியத்தின் மீது எழுந்த எதிர்ப்பையும் குறிப்பிடுதல் வேண்டும். பாரதியார் இசை பற்றி எழுதிய உரைநடையில் ஆர்மோனியத்தைக் கடிந்துள்ளார். தாகூரும் அதனை விரும்பவில்லை. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தொடங்கித் தன் நிலையங்களில் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அவ்விலக்கு சில வரையறைகளோடு தளர்ந்தது.

எதிர்ப்புக்குக் காரணம் இரண்டு. கட்டைக்குக் கட்டை தாவும் அக்கருவியில் நம் இசைக்கு உயிரான கமகம் எழாது என்பது ஒன்று. அதன் ஓங்கிய ஒலி பாடுவோரின் குரலையும் கேட்போரின் செவியையும் மழுங்கச் செய்யும் என்பது மற்றொன்று. முதற் காரணம் கருவியின் இயல்பைப் பற்றியது. இரண்டாவது காரணம் இடத்தைப் பற்றியது. கொட்டகைக்கு ஏற்றதாக வளர்ந்த ஒலியை, வானொலி நிலையத்தின் சிற்றறையில் ஒலிவாங்கியின் முன் வைத்தால் அது மிகையாகவே தோன்றும். குற்றம் கருவியினிடத்தில் இருந்த அளவுக்கு, இடம் மாறியதை உணராமையிலும் இருந்தது என்பது என் கருத்து. விலக்கிய வானொலி ஒருபுறமிருக்க, திரையிசையில் எம். எஸ். விசுவநாதன் முதலியோர் அதே ஆர்மோனியத்தை மடியருகே வைத்துச் சிறிய அறைகளில் மெல்ல இசைத்தே மெட்டுகளைப் படைத்தனர். இடத்துக்கு ஏற்ப ஒலியை அடக்கியபோது அப்பெட்டி கற்பனையின் ஊற்றாயிற்று.

மின்னால் பெருகிய ஒலி

இனி ஒலிபெருக்கியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் 1915-இல் தம் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். 1919-இல் சான் டியாகோ நகரில் அதிபர் உட்ரோ வில்சன் அக்கருவியின் துணையால் ஏறத்தாழ 50,000 பேர் கேட்கப் பேசினார். 1925-இல் செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெல்லாக்கும் வடிவமைத்த, காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் அசைந்து கூம்பை அதிரச் செய்யும் முறையே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படை.

இக்கண்டுபிடிப்பால் நேர்ந்த மாற்றம் பெரிது. அதுகாறும் பெரிய இடம் வேண்டிய ஒலியை மனிதன் தன் உடல் வலிமையால் உண்டாக்கினான். கிட்டப்பாவின் உயர்ந்த சுருதியும், துருத்தியை இழுத்த கைகளின் வலிமையும் அதற்குச் சான்று. மின்விசை வந்தபின், ஒரு திருகியைத் திருப்பினால் போதும் என்றாயிற்று. ஒலியின் அளவு, உழைப்பின் அளவிலிருந்து பிரிந்தது. உழைத்து ஒலி எழுப்பியவன் களைத்தபோது நிறுத்தினான், திருகியோ களைப்பதில்லை. திருமணக் கூடங்களிலும் திருவிழாக்களிலும் அருகில் இருப்பவரோடு பேச இயலாத அளவுக்கு ஒலி பெருகியதை நாம் அனைவரும் அறிவோம்.

நாக்கில்லாத அக்கார்டியன்

அக்கார்டியனும் இம்மாற்றத்துக்கு உட்பட்டது. பழைய அக்கார்டியனின் ஒலியைப் பெருக்க வேண்டின், வலக்கைப் பக்கமும் இடக்கைப் பக்கமும் ஒலிவாங்கிகளை வைக்க வேண்டும். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்தால் ஊளையிடும் ஓசை எழும். 1960களில் மின்னணுச் சுற்றுகளை உட்கொண்ட கார்டோவாக்ஸ் போன்ற கருவிகள் தோன்றின. அவற்றுக்குத் துணையாகப் பெரிய பெட்டி ஒன்றையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 2004-ஆம் ஆண்டில் சப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட், எண்முறையில் இயங்கும் தன் முதல் அக்கார்டியன்களை வெளியிட்டது.

இக்கருவியில் உலோக நாக்குகள் இல்லை. ஆயினும் துருத்தி உண்டு. துருத்தியை இழுக்கும்போதும் அழுத்தும்போதும் உள்ளே ஏற்படும் காற்றழுத்தத்தை ஓர் உணரி அளக்கிறது. அவ்வளவுக்கு ஏற்ப, உள்ளிருக்கும் கணிப்பொறி ஒலியை மெலிவித்தும் வலிவித்தும் தருகிறது. எனவே வாசிப்பவரின் இடக்கைக் கலை அழியவில்லை. சுருதி கலைவதில்லை, எடையும் குறைவு. எல்லாவற்றினும் மேலாக, செவிப்பொறியை மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் பிறர் அறியாமல் வாசிக்கலாம். தோள் தளர்ந்த முதியோர்க்கு இக்கருவி ஒரு வரமே.

ஆனால் இதில் ஓர் இடர் மறைந்துள்ளது. இக்கருவியில் ஒலிவாங்கி இல்லை. மின்குறி நேரே கம்பி வழியாகப் பெருக்கிக்குச் செல்கிறது. ஆகவே ஊளையிடும் ஓசை எழுவதில்லை. முன்பு அவ்வூளை, அளவு மீறியதை அறிவிக்கும் காவலனாக இருந்தது. அக்காவலன் நீங்கியபின், எத்துணை உயர்த்தினாலும் கருவி தடுப்பதில்லை. தடுக்க வேண்டியவன் வாசிப்பவனே.

சுவருக்கு அப்பால்

என் மாமாவின் வீட்டில் நேர்ந்ததும் இதுவே. மேடையில் வாசித்துப் பழகிய அவர், மேடைக்குரிய கருவியையே நாடினார். கடைக்காரர் ஒருவர் பரிந்துரைக்க, 15 அங்குல ஒலிபெருக்கி பொருத்திய, நூற்றுக்கணக்கான வாட் ஆற்றலுள்ள பெட்டியை வாங்கி வந்தார். இருபது அடி அகலமுள்ள கூடத்தின் மூலையில், அண்டை வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி அது தரையில் அமர்ந்தது. முதல் வாரம் மகிழ்ச்சியாகச் சென்றது. இரண்டாம் வாரம் அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் வாயிலுக்கு வந்தார். அவருடைய மனைவி நோயுற்றிருந்தார். அவர் சினந்து பேசவில்லை. அவர் மலாயில் சொன்னதன் கருத்து இது: "நீங்கள் வாசிக்கும் பாட்டு எங்களுக்குக் கேட்பதில்லை; இடி மட்டும் கேட்கிறது."

மாமா கருவியை உறையிலிட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டார். ஒரு திங்கள் அதைத் தொடவேயில்லை. "எனக்கு வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்றார். அச்சொல் என்னை வருத்தியது. இசையை விட்டவர் பேச்சையும் குறைத்துக்கொண்டதை வீட்டார் அனைவரும் கண்டோம்.

பெரியவர் கூறிய சொற்களை நான் பன்முறை எண்ணிப் பார்த்தேன். அதில் ஒலியியலின் உண்மை முழுதும் அடங்கியிருந்தது. செங்கற் சுவர் உயர்ந்த ஒலிகளை நன்கு தடுக்கும். தாழ்ந்த ஒலிகளை அந்த அளவுக்குத் தடுக்காது. அக்கார்டியனில் வலக்கை இசைக்கும் மெட்டு உயர்ந்த ஒலிகளால் ஆனது. இடக்கைப் பொத்தான்களின் தாழ்ந்த சுரங்களோ நொடிக்கு 100 அதிர்வுகளுக்கும் கீழே செல்வன. எனவே மெட்டு நம் வீட்டிலேயே தங்கிவிடும். முழக்கம் மட்டுமே அண்டை வீட்டுக்குச் செல்லும். நாம் இசையைக் கேட்கிறோம்; அவர் ஓசையைக் கேட்கிறார். இரண்டும் ஒரே கருவியிலிருந்து பிறந்தவை என்பதை அறியாமல், "நல்ல இசையை வெறுக்கிறாரே" என்று அவரை நாம் நொந்துகொள்கிறோம்.

மற்றோர் உண்மையும் உண்டு. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு அறிஞர் செவியின் இயல்பை அளந்து காட்டினர். ஒலி மெலிந்திருக்கும்போது, தாழ்ந்த சுரங்களை நம் செவி குறைவாகவே உணரும். ஆகவே வீட்டில் மெல்ல வாசிப்பவர்க்கு இடக்கை ஒலி வலுவற்றதாகத் தோன்றும். உடனே திருகியை உயர்த்துவார். தமக்கு நிறைவாகும் அளவுக்கு உயர்த்தும்போது, அது சுவரைக் கடந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஆய்ந்து, மாமாவும் நானும் சேர்ந்து செய்த மாற்றங்களை மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறேன்.

முதலாவது, ஆற்றலைப் பற்றிய மயக்கம் நீங்க வேண்டும். வாட் இருமடங்கானால் ஒலி இருமடங்காவதில்லை. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற, ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 300 வாட் பெட்டிக்கும் 30 வாட் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, நாம் எண்ணுவது போல் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதன்று. ஒரு கூடத்துக்குச் சிறிய பெட்டியே போதும்.

இரண்டாவது, ஒலிபெருக்கியின் இனம். கிதார் வாசிப்பவர்க்கென அமைந்த பெட்டி, நொடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளைக் குறைத்துவிடும். கிதாருக்கு அது அழகு. அக்கார்டியனுக்கோ அவ்வுயர்ந்த ஒலிகளே உலோக நாக்கின் மினுமினுப்பைத் தருவன. ஆதலால் தாழ்வையும் உயர்வையும் நடுநிலையாக ஒலிக்கும் பெட்டியே ஏற்றது. பியானோ போன்ற கீபோர்டுக்கென அமைந்தவையும், இசைப்பதிவு அறைகளில் பயன்படும் சிறு பெட்டிகளும் இவ்வகையின. கருவியில் இடம், வலம் என இரு வெளியீடுகள் இருப்பின், இரண்டு சிறு பெட்டிகளை இணைப்பது ஒரு பெரும் பெட்டியை இணைப்பதினும் சிறந்தது. இரு கைகளின் உரையாடல் அப்போது தெளிவாகும்.

மூன்றாவது, வைக்கும் இடம். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி தேவையின்றிப் பெருகும். பொதுச் சுவரையும் மூலையையும் விட்டு விலக்கி, அமர்ந்திருப்பவரின் செவி உயரத்தில், தரையைத் தொடாமல் நிறுத்த வேண்டும். தொலைவு குறையக் குறைய, குறைந்த ஒலியே நிறைவு தரும். நான்கடித் தொலைவில் செவியை நோக்கியிருக்கும் பெட்டி, பதினாறு அடிக்கு அப்பாலிருந்து முழங்கும் பெட்டியினும் இனிமையாக ஒலிப்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

நான்காவது, அளவை அமைக்கும் முறை. இதுவே தலையாயது. துருத்தியை முழு வலிமையோடு இழுத்து, அவ்வுச்ச ஒலி கூடத்துக்கு ஏற்றதாக இருக்கும்படி திருகியை நிறுத்த வேண்டும். அதன்பின் திருகியைத் தொடலாகாது. மெலிவும் வலிவும் துருத்தியிலிருந்தே பிறக்க வேண்டும். இதற்கு மாறாக, துருத்தியைச் சோம்பலாக அசைத்துத் திருகியால் ஒலியைக் கூட்டுவோமாயின், கருவியின் உயிராகிய இழுப்பு வீணாகும். விசைப்பலகையை அழுத்துவதற்கும் அக்கார்டியன் வாசிப்பதற்கும் வேறுபாடு இராது. பெருக்கியின் ஆற்றல் மிகுந்தால் கையின் கலை தேயும் என்பதை மாமாவே கண்டுணர்ந்து கூறினார்.

ஐந்தாவது, காலம். இரவில் ஒன்பது மணிக்கு மேல் செவிப்பொறி. நோயுற்றோர் அருகிலிருப்பின் இடக்கை ஒலியைக் கருவியிலேயே குறைத்துக்கொள்ளுதல். இதற்குப் பொருட்செலவு இல்லை. எண்ணிப் பார்க்கும் மனம் ஒன்றே வேண்டும்.

பெரிய பெட்டி ஒரு கோயில் இளைஞர் குழுவுக்குச் சென்றது. திறந்த வெளியில் அதற்குரிய பணி கிடைத்தது. இரண்டு சிறு பெட்டிகள் மாமாவின் நாற்காலிக்கு இருபுறமும் நின்றன. ஏற்பாடுகள் முடிந்த நாளில் மாமா தாமே அடுத்த வீட்டுக்குச் சென்று, பெரியவரை அவருடைய கூடத்தில் அமர்ந்து கேட்குமாறு வேண்டினார். நான் அவருடன் இருந்தேன். மாமா தம் வீட்டில் வாசிக்கத் தொடங்கினார். சுவருக்கு இப்பால், தொலைவில் யாரோ பேசுவது போன்ற மெல்லிய ஒலியே கேட்டது. பெரியவர் தலையசைத்தார். பின்னர், "என்ன பாட்டு என்று இப்போதும் தெரியவில்லையே!" என்று சிரித்தார். மறுவாரம் வாயில்வழியே வந்து, மாமாவின் எதிரில் அமர்ந்து அது என்ன பாட்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இளமையில் தாம் ஆடிய ஜோகெட் மெட்டு ஒன்றையும் வாசிக்கச் சொன்னார். மாமாவுக்கு அது தெரிந்திருந்தது.

முடிவுரை

சுரைக்குடுக்கையில் ஊதிய மூச்சு திண்ணையை நிறைத்தது. துருத்தி ஆர்மோனியம் கொட்டகையை நிறைத்தது. மின்விசை ஐம்பதினாயிரவர் கூடிய திடலையும் நிறைத்தது. இவ்வரலாற்றை ஒலி பெருகிய வரலாறாகவே படிப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்து விளங்கியவர்கள், தாம் நின்ற இடத்தின் அளவை அறிந்து அதற்கேற்ற ஒலியை எழுப்பியவர்களே. ஆர்மோனியம் பழிக்கப்பட்டதும் இடம் மாறியபோது. போற்றப்பட்டதும் இடத்துக்கு இசைந்தபோது. ஒலியைப் பெருக்கும் ஆற்றல் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அதனைக் குறைக்கத் தெரிவதே கலைஞனுக்கு வேண்டிய தேர்ச்சி.

வள்ளுவர் பொருட்பாலில் 'காலமறிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்து 'இடனறிதல்' என்னும் அதிகாரத்தை வைத்தார். போர்க்களத்து வேந்தனுக்கு உரைத்த அவ்வறம், தாமான் வீட்டுக் கூடத்தில் அக்கார்டியன் வாசிக்கும் முதியவர்க்கும் பொருந்துகிறது. லயத்துப் பலகைச் சுவருக்குள் நம் பெற்றோர் எல்லார்க்கும் பொதுவாக இசைத்தனர். செங்கற் சுவருக்குள் வாழும் நாம், சுவருக்கு அப்பால் இருப்பவரையும் அவையோராக எண்ணி இசைக்கக் கற்க வேண்டும். இளங்கோவடிகள் காட்டிய கோல் இன்றும் நம் கையில் இருக்கிறது. கருவியை வாங்கும் முன்னர், அக்கோலை எடுத்து முதலில் நம் கூடத்தை அளப்போமாக.